லீவுக்கு லீவு ஒரு வார்த்தை

தேனியில் என் மகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுத்த டீச்சருக்கு லீவு என்றால் அப்படியொரு சந்தோஷம். காலாண்டு லீவு வருகிறது என்று சொன்னால் போதும், நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொள்வார்.

"லீவுதான்மா நமக்கு நல்ல நேரம். பிள்ளையை உட்கார வச்சு ஆ சொல்லு, ஈ சொல்லுன்னு படுத்தாதீங்க. வீட்ல என்ன நடக்குதோ, பண்டிகைக்கு என்ன செய்வீங்களோ, அதுல அவளையும் சேர்த்துக்கங்க. செய்யும்போது அதுக்குள்ள வார்த்தையை ஒரே மாதிரி திரும்பத் திரும்பச் சொல்லுங்க. நல்லாப் பழகுனதும், அந்த வார்த்தை வர்ற இடத்துல நீங்க சொல்லாம நிறுத்திருங்க. காத்திருங்க. அவளே சொல்லுவா."

சின்ன வயசு டீச்சர், இன்னும் கல்யாணம்கூட ஆகவில்லை. காத்திருங்க என்று சொல்வது அவருக்கு எவ்வளவு சுலபமாக இருக்கிறது என்று மனதுக்குள் கறுவிக்கொண்டுதான் பஸ் ஏறினேன். ஆனால் போடி வந்து இறங்குவதற்குள் அவர் சொன்னதையெல்லாம் மனப்பாடம் செய்துவிட்டேன். வேறு என்ன வழி இருந்தது எனக்கு?

மகளுக்கு அப்போது நாலு முடிந்து அஞ்சு நடந்துகொண்டிருந்தது. காதில் குறை ஒன்றும் இல்லை. பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்கிற சத்தத்தை அடுத்த அறையிலிருந்தே கேட்டுவிட்டு ஓடி வருவாள். பேச்சுதான் வரவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப்போய்க் குடத்துக்கு முன்னால் நிறுத்துவாள். அம்மா என்று ஒரு தடவைகூடக் கூப்பிட்டது கிடையாது.

அவள் பாட்டுப் பாட வேண்டும், மேடையேறிப் பரிசு வாங்க வேண்டும் என்றெல்லாம் எனக்கு ஆசை இல்லை. ஒரே ஒரு சொல் வேண்டும். எங்காவது விழுந்தால், யாராவது கையைப் பிடித்து இழுத்தால், நான் இருக்கிற பக்கம் திரும்பிக் கத்துவதற்கு ஒரு சொல். அது 'அம்மா'வாக இல்லாவிட்டாலும் சரி. 'பூனை' என்று கத்தினால்கூட நான் ஓடிப்போய் நிற்பேன்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? வசம்பைச் சுட்டு நாக்கில் தடவு என்றார்கள். தடவினேன். கோயிலில் மணி வாங்கிக் கட்டு என்றார்கள். கட்டினேன். "எங்க சித்தப்பா மகன் ஏழு வயசுலதான் வாயத் தொறந்தான், இப்ப அவன் வாயை மூடத்தான் ஆள் வைக்கணும்" என்று ஆளுக்கொரு சித்தப்பா மகன் கதை வைத்திருந்தார்கள். நான் வேலை பார்க்கிற ஏலக்காய்க் கடையில் காய் தரம் பிரிக்கும்போது பக்கத்தில் இருந்த அக்கா, "வாயுள்ள பிள்ளைதான் பிழைக்கும்" என்று என் முகத்துக்கு நேராகவே பெருமூச்சு விட்டார். காய் புடைத்துக்கொண்டிருந்த சுளகைத் தரையில் டொப்பென்று வைத்தேன்.

"அவ பிழைப்பை நான் பார்த்துக்கிறேன். நீங்க உங்க சோலியைப் பாருங்க."

அதற்குப் பிறகு அந்த அக்கா என்னிடம் ரொம்ப நாள் பேசவில்லை. நல்லதாகப் போயிற்று.

அந்தக் காலாண்டு லீவுக்கு நாங்கள் மலைக்குப் போனோம். என் வீட்டுக்காரருக்கு போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் வேலை. பறித்து வருகிற ஏலக்காயை உலர்த்துகிற ஸ்டோரை அவர்தான் பார்த்துக்கொள்கிறார். காய் எடுக்கிற காலத்தில் கீழே இறங்க முடியாது. நாங்கள் மேலே போனால்தான் அவர் பிள்ளையைப் பார்க்கலாம். விடிகாலையில் காய் எடுக்கப் போகிற பெண்களோடு ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு ஏறினோம். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் நான் அவள் காதோரம் குனிந்து, "திரும்பப் போகுது, திரும்பப் போகுது... திரும்பிருச்சு" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். பாதி மலை ஏறியதும் கடைசிச் சொல்லை விழுங்கிவிட்டுக் காத்திருந்தேன். வளைவு வந்தது, போனது. அவள் ஜன்னல் கம்பியை நக்கிக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்திருந்த அம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, "வாந்தி வருதாத்தா? புளிப்பு மிட்டாய் வேணுமா?" என்று கேட்டார்.

தோட்டத்தில் அவளுக்குச் சின்னக் கூடை ஒன்று வாங்கிக் கொடுத்தேன். ஏலச்செடியின் காய் தூரில்தான் இருக்கும், தரையோடு படர்ந்த சரத்தில். குழந்தைக்கு எட்டுகிற உயரம். பறித்து, கூடைக்கு மேலே கொண்டுவந்து, "போடு" என்று சொல்லி உள்ளே போடவேண்டும். அந்த விளையாட்டு அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது. காய் விழுகிற சத்தத்துக்குத் தலையைச் சாய்த்துக் கேட்பாள். சில நாள் கழித்து, காயைக் கூடைக்கு மேலே பிடித்துக்கொண்டு நான் வாயைத் திறக்காமல் நின்றேன். அவள் என் கையைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"போடுன்னு சொல்லாத்தா, உங்கம்மா எம்புட்டு நேரமா குனிஞ்சு நிக்கிறா" என்றது அடுத்த செடியிலிருந்து ஒரு குரல்.

"பாவம், பிள்ளைக்குத் தெரியல. போடு, போடு. சொல்லிட்டேன், நீ போடு மதினி" என்றது இன்னொரு குரல்.

மேற்பார்வை பார்க்க வந்த மலையாளத்துக்காரரும் தன் பங்குக்கு, "இடு மோளே, இடு" என்றார்.

யார்மேல் கோபப்படுவது? எல்லோரும் அன்பாகத்தான் சொன்னார்கள். எங்கள் ஊரில் ஒரு குழந்தை திணறுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க யாருக்கும் வராது. அதற்குப் பதிலாகத் தாங்களே சொல்லிவிடுவார்கள். என் மகள் பேசாமலே வளர்ந்ததற்கு அதுவும் ஒரு வசதி. அவள் கேட்க நினைப்பதற்கு முன்பே நாலு பேர் கேட்டு, ரெண்டு பேர் கொண்டுவந்து கொடுத்துவிடுவார்கள்.

அன்று சாயங்காலம் எஸ்டேட் லைன் வீட்டுக்குத் திரும்பி அவள் ஷூவைக் கழற்றினேன். காலுறை முழுக்க ரத்தம். விரல் இடுக்கில் அட்டை ஒன்று குடித்துக் குடித்து உருண்டு கிடந்தது. எப்போது ஏறியதோ தெரியாது. மழைக்காலத்தில் அந்த மலையில் அட்டை ஏறுவது பெரிய விஷயம் இல்லை, எந்தப் பிள்ளையும் கண்டதும் வீறிட்டு ஓடி வரும், உப்பைப் போட்டால் விழுந்துவிடும். என் பிள்ளை ஓடி வரவில்லை. அழவில்லை. காலைக்கூட நீட்டிக் காட்டவில்லை. உப்பைத் தூவிவிட்டு நான் உட்கார்ந்து அழுதேன். என் வீட்டுக்காரர் வாசலில் நின்றுகொண்டு, "அட்டைதானடி, விடு" என்றார். அட்டைக்காக நான் அழவில்லை என்று அவருக்கும் தெரியும்.

தீபாவளி லீவைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை. முறுக்குப் பிழியும்போது 'சுத்து, சுத்து' என்று ஆரம்பித்தேன். தெருவில் முதல் வெடி வெடித்ததும் கட்டிலுக்கு அடியில் போனவள் பண்டிகை முடியும்வரை வெளியே வரவில்லை. சாப்பாட்டைக் கட்டிலுக்கு அடியிலேயே தள்ளிவிட்டேன்.

அரையாண்டு லீவு வரும்போது எனக்கு அலுத்துவிட்டது. மார்கழிக் கோலத்துக்குக் கலர்ப்பொடி வாங்கி 'சிவப்பு, பச்சை' என்று நாலு நாள் கத்திப் பார்த்துவிட்டுப் பொடியைத் தூக்கிப் பரணில் போட்டேன். பிறகுதான் நான் எதிர்பார்க்காதது நடந்தது. காலையில் அடுப்பில் பால் காய்வதைப் பார்க்க அவளுக்குப் பிடித்துப்போனது. முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி நின்றுகொள்வாள். பால் ஆடை கட்டி, ஓரத்தில் நுரைத்து, கிளம்பி மேலே வரும்போது அவள் குதிகாலும் தானாக உயரும். நான் பயிற்சி என்று நினைக்காமல், பழக்கத்தில், "வருது... வருது... பொங்கிருச்சு!" என்று சொல்லி அடுப்பை அணைப்பேன். தினமும் இதுவே நடந்தது.

ஒருநாள், ஏனென்று தெரியவில்லை, "வருது... வருது..." என்று சொல்லிவிட்டு நின்றுவிட்டேன். வீட்டில் வேறு ஆள் இல்லை. அவளுக்காகச் சொல்ல யாரும் இல்லை. பால் விளிம்புக்கு வந்துவிட்டது. அவள் பாத்திரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், உதட்டைக் குவித்தாள்.

"பொ."

காற்று மாதிரி வந்தது. ஆனால் வந்தது. நான் அடுப்பை அணைக்க மறந்துபோய், பால் பொங்கி மேடையெல்லாம் வழிந்து, என் பாதத்தில் சொட்டி, சுட்டது. அவளை முக்காலியிலிருந்து தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்தேன். மலைக்குப் போன் போட்டேன். குரல் விட்டு விட்டுக் கேட்டது, சிக்னல் நன்றாகக் கிடைக்கிற மேட்டுக்கு அவர் ஓடிவந்து நின்று கேட்டார். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

டீச்சரிடம் சொன்னதும் சந்தோஷத்தில் கைதட்டிவிட்டார். "பொங்கல் வருதுல்லம்மா! இதைவிட என்ன வேணும்? வீட்ல எல்லார்கிட்டயும் சொல்லி வைங்க. பானை பொங்கும்போது யாரும் வாயத் தொறக்கக் கூடாது. அவளுக்கு இடம் விடுங்க. முதல்ல அவ சொல்லட்டும், அப்புறம் நீங்க எல்லாரும் சேர்ந்துக்கங்க. தான் சொன்ன வார்த்தைக்கு வீடே பதில் சொல்லுதுன்னு அவளுக்குப் புரிஞ்சிட்டா, அப்புறம் பாருங்க."

எனக்கும் அப்படியே தோன்றியது. பொங்கல் வரை தினமும் பால் காய்ச்சினோம். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை. சில நாள் 'பொ' வரும், சில நாள் வராது. வராத நாளில் நான் சோறு சாப்பிட மாட்டேன்.

பொங்கலை எப்போதும் சிலமலையில் மாமனார் வீட்டில்தான் வைப்போம். முந்தின வருஷம் வைக்கவில்லை. மாமியார் தவறிப்போன வருஷம் அது. சாவு விழுந்த வீட்டில் அந்த வருஷம் பானை ஏறாது, மற்ற வீடுகளில் குலவை கேட்கும்போது அந்த வீடு மட்டும் சத்தமில்லாமல் கிடக்கும். மாமனார் அன்று முழுவதும் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தார். ஆக, இது துக்கம் கழிந்து வைக்கிற முதல் பொங்கல்.

முந்தின நாளே நான் விஷயத்தைச் சொன்னேன். மாமனார், கொழுந்தன், அவன் மனைவி, அவர்கள் பிள்ளைகள் எல்லோரையும் உட்கார வைத்துச் சொன்னேன். பானை பொங்கும்போது பேசாமல் இருக்க வேண்டும், அவள் சொன்ன பிறகு கத்தலாம். கொழுந்தன் மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டாள். மாமனார் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி மறுபடி போட்டுக்கொண்டார். அவருக்குப் பிடிக்கவில்லை என்று தெரிந்தது.

"என் பேத்திக்காக ஒரு நிமிசம் வாய மூடிட்டு இருக்க மாட்டனாத்தா? இருக்கேன்" என்றார்.

விடிந்ததும் வாசலில் அடுப்புக் கூட்டினோம். மஞ்சள் கொத்துக் கட்டிய புதுப்பானை. மலையிலிருந்து அவரும் வந்துவிட்டார், மகளைத் தோளில் தூக்கிப் பானைக்கு எதிரே நின்றார். பக்கத்து வீடுகளில் ஒவ்வொன்றாகக் குலவை கேட்க ஆரம்பித்தது. தட்டைத் தட்டுகிற சத்தம் வந்தது. எங்கள் வாசலில் மட்டும் யாரும் மூச்சு விடவில்லை. நான் அடுப்பருகே, அண்ணாந்தால் அவள் முகம் தெரிகிற மாதிரிக் குந்தி உட்கார்ந்தேன்.

"வருது..." என்றேன். "வருது..."

பால் நுரைத்து விளிம்புக்கு வந்தது. அவள் குதிகால் அவர் கையில் நிமிர்ந்தது. எனக்கு எல்லாம் தெரிகிறது, கண் அவள் உதட்டில்தான். நுரை கிழக்குப் பக்கமாகச் சாய்ந்து வழிந்தது. நல்ல சகுனம். விறகில் விழுந்து சுர்ரென்றது. யாரும் கத்தவில்லை. பொங்கியாகிவிட்டது, யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இவ்வளவு பேர் பானையைச் சுற்றி வாய் மூடி நிற்கிறோம். அவள் உதடு குவிந்தது. சத்தியமாகக் குவிந்தது, நான் பார்த்தேன்.

"பொங்கலோ பொங்கல்!"

மாமனார்தான். குரல் உடைந்து, அழுகையும் கத்தலுமாக வந்தது. அதற்காகவே காத்திருந்த மாதிரி கொழுந்தன் கத்தினான், அவன் மனைவி குலவையிட்டாள், பிள்ளைகள் தட்டைப் போட்டு அடி அடியென்று அடித்தார்கள். என் மகள் ரெண்டு காதையும் பொத்திக்கொண்டு அவர் தோளிலிருந்து பின்பக்கமாக வளைந்து அலறினாள். அவர் பிடிக்காவிட்டால் மண்டை உடைந்திருக்கும்.

நான் எழுந்தேன். எனக்கு யார் எவர் என்று இல்லை.

"ஒரு நிமிசம் பொறுக்க முடியாதா உங்களுக்கு? அவ வாய் வரைக்கும் வந்துருச்சு. நான் பார்த்தேன். கண்ணால பார்த்தேன்."

மாமனார் தோள் துண்டை இழுத்துக் கையில் சுருட்டிக்கொண்டார். "என்னால முடியலத்தா. போன வருசம்தான் வாசல் அப்படிக் கெடந்துச்சு. பொங்குற பானைக்கு முன்னாடி ஊமையாட்டம் நின்னா வீட்டுக்கு ஆகாதுத்தா..."

அந்தச் சொல் அவர் காதிலும் விழுந்துவிட்டது. பாதியில் நிறுத்திக்கொண்டார். வசம்பு, மணி என்று எத்தனையோ பேர் எதையெதையோ பேசியிருக்கிறார்கள், ஆனால் எங்கள் வீட்டு ஆள் யாரும் அதுவரை அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு மாட்டுக் கொட்டத்துப் பக்கம் போய்விட்டார். என்னால் அவரை வெறுக்க முடியவில்லை. வெறுக்க முடிந்திருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். பொங்கல் அடிப்பிடித்துப்போனது. எல்லோரும் அதைத்தான் சாப்பிட்டோம்.

போடிக்குத் திரும்பிய மறுநாள் பாலை அடுப்பில் வைத்தேன். அவள் முக்காலியை இழுக்கவில்லை. நான் தூக்கி நிறுத்தினேன். ஓரத்தில் நுரை கட்டியதுமே காதைப் பொத்திக்கொண்டு இறங்கி ஓடிவிட்டாள். அதற்கு அடுத்த நாளும் ஓடினாள். பிறகு அடுப்பைப் பற்றவைக்கிற சத்தம் கேட்டாலே அடுப்படிப் பக்கம் வருவதில்லை. 'பொ' போய்விட்டது. இன்றுவரை திரும்பி வரவில்லை.

டீச்சர், "மறுபடி வரும்மா, வேற ஒண்ணுல ஆரம்பிக்கலாம்" என்றார். குரலில் பழைய துள்ளல் இல்லை. அடுத்த மாதம் பட அட்டைக் கட்டு ஒன்றைக் கையில் கொடுத்தார். தண்ணீர், சோறு, கழிப்பறை, வலிக்கிறது. "பேச்சு வர்றப்ப வரட்டும். அதுவரைக்கும் அவ தொட்டுக் காட்டட்டும்" என்றார். அவர் சொல்லாமல் விட்டது எனக்குக் கேட்டது.

படம் அவளுக்கு நன்றாகவே பிடிபட்டது. மாசி, பங்குனிக்குள் வேண்டியதையெல்லாம் காட்டக் கற்றுக்கொண்டாள். நானும் கற்றுக்கொண்டேன். படம்கூடத் தேவையில்லை, அவள் கண் போகிற இடத்தைப் பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிடும். ஒருவிதத்தில் நிம்மதியாகத்தான் இருந்தது.

முழுப்பரீட்சை லீவில் ஒருநாள் அவர் மலையிலிருந்து இறங்கி வந்தார். கோடையில் மேலே வேலை குறைவு. நானும் மகளும் கூடத்தில் உட்கார்ந்து மாம்பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அவர் பையை இறக்காமலே வாசற்படியில் நின்றார்.

"என்னடி இது, நான் வந்து நின்னு எம்புட்டு நேரமாச்சு. கதவு தொறந்து கெடக்கு, உள்ள ஒரு சத்தமும் இல்ல. வீட்ல ஆளே இல்லைன்னு நெனச்சேன்."

யோசித்துப் பார்த்தேன். காலையில் எழுந்ததிலிருந்து நான் வாயைத் திறக்கவில்லை. முந்தின நாளும் கடையில் பேசியதோடு சரி. அவள் கண்ணைக் காட்டுவாள், நான் கொடுப்பேன். இப்படி எத்தனை நாளாக இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை. அவளுக்குப் பேச்சு வரவைக்கிறேன் என்று கிளம்பி, நான் அவளோடு பேசுவதை விட்டிருக்கிறேன். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு துண்டை நறுக்கிக் கையில் எடுத்தேன்.

"இந்தா பாரு, மாம்பழம். மஞ்சள் மாம்பழம். அம்மா தரப்போறேன். தரப்போறேன்..."

அந்த இழுவைக் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. அவள் நிமிர்ந்தாள். கையிலிருந்த கொட்டையைத் தட்டில் வைத்தாள். எழுந்து என் பக்கத்தில் வந்து, சாறு வழிகிற உள்ளங்கையால் என் வாயை மூடினாள். அடிக்கவில்லை. மெதுவாகத்தான் மூடினாள், திறந்து கிடக்கிற கதவைச் சாத்துகிற மாதிரி.

கொஞ்ச நேரம் கழித்துக் கையை எடுத்தாள். நான் பேசுகிறேனா என்று என் உதட்டைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். நான் பேசவில்லை. அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.